முன்னுரைகளுக்காகக் காத்திருந்த கதைகள்: ஒரு தொகைநூல் தாமதமான வரலாறு

1972-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் அறிவியல் புனைகதைத் தொகுப்பு, தன் தொடர்ச்சியாக இன்னொரு நூல் வரப்போகிறது என்று சேர்த்தே அறிவித்தது. அடுத்த ஆண்டே வந்திருக்க வேண்டிய நூல் அது. வந்தது 2024 அக்டோபரில். இடைப்பட்ட காலத்தில் தொகுப்பாசிரியர் இறந்துபோனார். கதை கொடுத்தவர்களில் பலரும் இறந்துபோனார்கள். தாமதத்தைக் கண்டித்துத் தனி நூலே எழுதிய மனிதரும், புத்தகம் கடைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு காலமானார்.

தொகுப்பாசிரியர் அமெரிக்க எழுத்தாளர் ஹார்லன் எல்லிசன். புத்தகம் 'தி லாஸ்ட் டேஞ்சரஸ் விஷன்ஸ்'. பதிப்புலகில் தாமதம் சகஜம். இங்கே ஆராய வேண்டியது வேறு. பணம் இல்லாமலோ, கதை கிடைக்காமலோ, வாசகர் இல்லாமலோ இந்த நூல் நிற்கவில்லை. மூன்றும் இருந்தன. அப்படியும் ஐம்பது ஆண்டு எப்படிப் போயிற்று?

முதல் இரண்டு நூல்கள்

1960-களின் நடுவில் அமெரிக்க அறிவியல் புனைகதைக்குப் பெரும்பாலும் மாத இதழ்கள்தான் வீடு. அந்த இதழ்களுக்கென்று எழுதப்படாத சட்டங்கள் இருந்தன. பாலுறவு கூடாது, மதத்தைச் சீண்டக் கூடாது, முடிவு ரொம்பவும் இருண்டுபோகக் கூடாது. பையன்கள் வாங்கிப் படிக்கும் சரக்கு என்பதுதான் ஆசிரியர்களின் கணக்கு. எல்லிசன் எழுத்தாளர்களிடம் நேரெதிராகக் கேட்டார்: எந்த இதழும் போடத் துணியாத கதையைக் கொடுங்கள்.

1967-இல் டபுள்டே பதிப்பகம் 'டேஞ்சரஸ் விஷன்ஸ்' தொகுப்பை வெளியிட்டது. 32 எழுத்தாளர்கள், 33 கதைகள். ஓவியங்கள் லியோ, டயான் தில்லன் தம்பதியர். ஐசக் அசிமோவ் கதை தரவில்லை. தான் பழைய பாணிக்காரன் என்று ஒதுங்கி, முன்னுரை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

உள்ளே இருந்தவை அன்றைக்கு உண்மையிலேயே இருண்ட கதைகள். லாரி நிவன் கதையில் மரண தண்டனைக் கைதிகளின் உடல் உறுப்புகள் மருத்துவமனைகளுக்குப் போகின்றன. உறுப்புத் தேவை கூடக் கூட, மரண தண்டனைக்குரிய குற்றங்களின் பட்டியலும் நீள்கிறது. சிறையிலிருந்து தப்ப முயலும் கதாநாயகன் செய்த குற்றம் என்ன என்பது கடைசியில்தான் தெரியும்: போக்குவரத்து விதிமீறல். சாமுவேல் டிலேனியின் கதையில் விண்வெளிப் பயணிகளைப் பருவமெய்தும் முன்பே பாலற்றவர்களாக்கிவிடுகிறார்கள். அவர்கள்மீது மட்டுமே மோகம் கொண்டு அலையும் ஒரு கூட்டம் பூமியில் உருவாகிறது. மிரியம் ஆலன் டிஃபோர்ட் கதையில் குற்றவாளிகளுக்குத் தண்டனை, செய்த குற்றத்தையே நினைவில் மீண்டும் மீண்டும் அனுபவிப்பது. ஃப்ரிட்ஸ் லைபரின் கதையில் ஒருவன் சூதாட்ட மேசையில் மரணத்துக்கு எதிரில் உட்கார்ந்து பகடை உருட்டுகிறான்.

விருதுகள் குவிந்தன. அறிவியல் புனைகதையின் இரு பெரிய விருதுகளான ஹ்யூகோ, நெபுலா இரண்டையும் லைபரின் கதை பெற்றது. டிலேனிக்கு நெபுலா, ஃபிலிப் ஹோசே ஃபார்மருக்கு ஹ்யூகோ. குறையும் உண்டு. 32 பேரில் பெண்கள் மூவர்தான். எல்லா விலக்குகளையும் உடைப்பதாகச் சொல்லிக்கொண்ட புத்தகத்துக்கு அந்த விகிதம் உறைக்கவில்லை.

இரண்டாவது நூல் 'அகெய்ன், டேஞ்சரஸ் விஷன்ஸ்', 1972. 46 கதைகள், எழுநூறு பக்கங்களுக்கு மேல். முதல் நூலில் இருந்த யாரும் இதில் கிடையாது என்பது எல்லிசன் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி. என் கணக்கில் முதல் நூலைவிட இதுதான் கனமானது. அர்சுலா லெ குவின் வியட்நாம் போர்க் காலத்தில் லண்டனில் இருந்தபோது எழுதிய குறுநாவல் இதில்தான் வந்தது. காடே உலகமாக இருக்கும் ஒரு கிரகத்துக்கு மனிதர்கள் மரம் வெட்ட வருகிறார்கள். கொலை என்றால் என்னவென்று அறியாத அந்த ஊர் மக்கள், வந்தவர்களிடமிருந்து அதைக் கற்றுக்கொள்கிறார்கள். இதற்கு ஹ்யூகோ கிடைத்தது. நெபுலா பெற்ற ஜோன்னா ரஸ் கதையில் கொள்ளைநோயில் ஆண்கள் அனைவரும் அழிந்துபோன கிரகம். பெண்கள் தலைமுறை தலைமுறையாக நன்றாகவே வாழ்ந்துகொண்டிருக்க, பூமியிலிருந்து நான்கு ஆண்கள் வந்து இறங்குகிறார்கள். பத்துப் பக்கச் சொச்சத்தில் அவ்வளவு பெரிய இழப்பைச் சொன்ன கதைகள் குறைவு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். லெ குவின் தன் கதையை எழுதியது 1968-இல். அச்சில் பார்த்தது 1972-இல். இரண்டாவது நூலிலேயே தாமதம் தலைகாட்டிவிட்டது. புத்தகம் பெரிய வெற்றி பெற்றதால் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

மூன்றாவது நூல் வீங்கிய விதம்

அறிவித்த நாள் கடந்ததும் எல்லிசன் செய்தது மேலும் கதைகளை வாங்கியது. இதுதான் நிகழ்வின் மையம் என்று நினைக்கிறேன். நூல் தள்ளிப்போனால் அதற்கொரு நியாயம் வேண்டியிருக்கிறது. 'இன்னும் பெரிதாக வருகிறது' என்பதைவிட எளிய நியாயம் கிடையாது. தேதி தள்ளிப்போன கல்யாணத்துக்கு அழைப்பவர் பட்டியல் நீண்டுகொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு ஒத்திவைப்பும் விருந்தைப் பெரிதாக்கும், பெரிதான விருந்து மறுபடி ஒத்திவைப்பைக் கேட்கும்.

1979-இல் பொருளடக்கம் அறிவிக்கப்பட்டது. 102 எழுத்தாளர்கள், 113 கதைகள், மூன்று தொகுதிகள். அதற்குள் நூல் டபுள்டேயை விட்டு வேறு பதிப்பகங்களின் கைக்குப் போயிருந்தது. பெர்க்லி பதிப்பகமும் வாங்கியது, வெளியிடவில்லை. அப்போதைய பட்டியலுக்கு வெளியிலும் கதைகள் வந்துபோய்க்கொண்டிருந்தன. வெவ்வேறு காலங்களில் கதை கொடுத்தவர்கள் மொத்தம் 150 பேர் வரை இருக்கும் என்று சிலர் கணக்கிடுகிறார்கள்.

'திரும்ப யாரும் வரக்கூடாது' என்ற விதியும் தன் பங்கைச் செய்தது. முதல் இரண்டு நூல்களில் இல்லாத எல்லோரும் மூன்றாவதில் இருந்தாக வேண்டும், தலைப்பிலேயே 'கடைசி' என்று போட்டாயிற்றே. விட்டுப்போன பெரியவர்கள், புதிதாக வந்த இளைஞர்கள், பட்டறைகளில் தானே கண்டெடுத்த மாணவர்கள் என்று யாரையும் ஒதுக்க முடியவில்லை. எங்கே நிறுத்துவது என்று சொல்ல அவர் பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. இருந்திருந்தாலும் எல்லிசன் கேட்கக்கூடிய ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

தடையாக நின்ற முன்னுரைகள்

இந்த வரிசை நூல்களுக்கு ஒரு முத்திரை உண்டு. ஒவ்வொரு கதைக்கும் முன்னால் எல்லிசன் ஒரு நீண்ட முன்னுரை எழுதுவார். எழுத்தாளரை எப்படிச் சந்தித்தார், எதற்குச் சண்டை போட்டார், யார் யாரை ஏமாற்றினார்கள், இந்தக் கதை ஏன் முக்கியம் என்று பேச்சு வழக்கில், உரத்த குரலில் ஓடும். சில இடங்களில் முன்னுரை கதையைவிட நீளம். கதையின் முடிவில் எழுத்தாளரின் பின்குறிப்பு வேறு. புத்தகம் என்பதைவிட ஒரு பெரிய ஜமாவுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். பலர் அதற்காகவே வாங்கினார்கள்.

அந்தக் குரலின் அழகும் ஆபத்தும் ஒரே இடத்தில் தெரியும். இரண்டாவது நூலில் ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியரைப் பற்றி எழுதும்போது, இந்த ஆண்டு மற்றவர்கள் முந்தப் பார்க்க வேண்டிய பெண் எழுத்தாளர் கேட் வில்ஹெல்ம், ஆண் என்றால் டிப்ட்ரீதான் என்ற பொருளில் அடித்துச் சொல்லியிருப்பார். டிப்ட்ரீ என்பது ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்ணின் புனைபெயர் என்பது சில ஆண்டுகள் கழித்து உலகத்துக்கே தெரியவந்தது. இன்றைக்கும் அந்த வரி சிரிப்பாய்ச் சிரிக்கிறது. ஆனாலும் அந்த உற்சாகம் பொய்யில்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு கதைகளுக்கு மேல், ஒவ்வொன்றுக்கும் அதே தரத்தில், அதே நெருக்கத்தில் ஒரு முன்னுரை. அதுவே தனிப் புத்தகம் அளவுக்குப் போகும். ஆளுக்கு ஒரு பத்தி என்று சுருக்கிக்கொள்ள அவர் தயாரில்லை. வேறொருவரை எழுதச் சொல்லவும் மனமில்லை. கதைகள் கையில் இருந்தன, முன்னுரைகள் எழுதப்படவில்லை. எழுதியவர்கள் தங்கள் வேலையை எப்போதோ முடித்துவிட்டார்கள். தொகுப்பாசிரியரின் வேலைதான் பாக்கி.

எழுதும் சக்தி அவரிடம் வற்றிவிட்டது என்றும் சொல்ல முடியாது. அதே 1970-களில் தன் சிறந்த கதைகளில் சிலவற்றை எழுதினார். 1975-இல் அவருடைய 'டெத்பேர்ட் ஸ்டோரீஸ்' தொகுப்பு வந்தது. 1977-இல் 'ஜெஃப்டி இஸ் ஃபைவ்' வந்து விருதுகள் வாங்கியது. புத்தகக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, தெருவில் போவோர் பார்க்கத் தட்டச்சில் கதை எழுதிக் காட்டிய மனிதர் அவர். எழுத உட்கார்ந்தால் எழுதிவிடுவார். இந்த ஒரு மேசைக்கு மட்டும் அவரால் திரும்ப வர முடியவில்லை.

கதை கொடுத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது

பேச்சு எப்போதும் எல்லிசனைச் சுற்றியே போய்விடுகிறது. பாதிப்பு மறுபக்கத்தில்.

ஆக்டேவியா பட்லரை எடுத்துக்கொள்வோம். லாஸ் ஏஞ்சலஸில் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் நடத்திய பயிற்சி வகுப்பில் எல்லிசன் அவரைக் கண்டெடுத்தார். 1970-இல் அறிவியல் புனைகதை எழுதப் பழக்கும் கிளாரியன் பட்டறைக்குப் போகத் தூண்டினார். அங்கேதான் பட்லர் தன் முதல் இரண்டு கதைகளை விற்றார். ஒன்று பட்டறையின் தொகுப்பில் 1971-இல் வெளிவந்தது. மற்றது 'சைல்ட்ஃபைண்டர்', எல்லிசன் தன் மூன்றாவது நூலுக்கு வாங்கியது. மனத்தால் மனத்தைத் தொடும் ஆற்றல் கொண்ட கறுப்பினப் பெண் ஒருத்தி, தன் சமூகத்துக் குழந்தைகளில் அதே ஆற்றல் உள்ளவர்களைத் தேடிக் காப்பாற்ற முயலும் கதை.

இருபத்து மூன்று வயதில் இரண்டு கதைகள் விற்றாயிற்று, இனி வழி திறந்துவிட்டது என்று நினைத்ததாகவும், பிறகு ஐந்து ஆண்டுகள் திருப்பி அனுப்பப்பட்ட கதைகளும் கூலி வேலைகளுமாகவே போனதாகவும் பட்லர் பின்னாளில் எழுதினார். முதல் நாவல் 1976-இல்தான் வந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில், அன்றைக்கு அமெரிக்காவிலேயே அதிகம் பேசப்பட்ட தொகைநூல் வரிசையில் அவர் பெயர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 1995-இல் மெக்கார்தர் நல்கை பெற்ற முதல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் அவர், எனவே முடிவில் குறை ஒன்றும் இல்லை. 'சைல்ட்ஃபைண்டர்' வாசகர் கைக்கு வந்தது 2014-இல், வேறொரு நூலில். பட்லர் 2006-லேயே இறந்துவிட்டார். தன் முதல் கதைகளில் ஒன்றை அவர் அச்சில் பார்க்கவே இல்லை.

எல்லிசன் இல்லாவிட்டால் பட்லர் அந்தப் பட்டறைக்கே போயிருக்க மாட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கதவைத் திறந்தவரும் அவர்தான், அதே கதவில் கதையை மாட்டிவிட்டவரும் அவர்தான். இந்த ஆளைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்பு எழுத முடியாததற்கு இதுதான் காரணம்.

பொறுக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். மைக்கேல் பிஷப்பின் 'டாக்ஸ் லைவ்ஸ்' கதை 1984-இல் மிசௌரி ரிவ்யூ இதழில் வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் சிறந்த சிறுகதைகள் ஆண்டுத் தொகுப்பில் இடம்பிடித்தது. கிளிஃபர்ட் சிமாக்கின் கதை அவர் இறந்து இருபத்தேழு ஆண்டு கழித்து 2015-இல் வெளியானது. கார்ட்வெய்னர் ஸ்மித் 1966-லேயே இறந்தவர். அவருடைய கதை ஒன்றை மனைவி எல்லிசனுக்கு விற்றிருந்தார். அதை 1993-இல் ஒரு ரசிகர் சங்கத்தின் பதிப்பகம் ஸ்மித்தின் முழுத் தொகுப்பில் சேர்த்தபோது, வழக்குப் போடுவேன் என்று எல்லிசன் எச்சரித்தார். பிறகு சமரசமானது. இருபது ஆண்டாகத் தானும் போடாமல் வைத்திருந்த கதைக்காக இது. எனக்கு இந்த இடத்தில் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை.

ஏன் எல்லோரும் திரும்பக் கேட்கவில்லை? கதைக்குப் பணம் கொடுக்கப்பட்டிருந்தது. எல்லிசன் பலருக்கு நண்பர், சிலருக்கு ஆசான். வழக்குக்கு அஞ்சாதவர் என்றும் பெயர், 'டெர்மினேட்டர்' படத்தில் தன் எழுத்தின் சாயல் இருப்பதாகச் சொல்லிப் படத்தில் நன்றி போட வைத்தவர். மேலும், நாளைக்கே புத்தகம் வந்துவிட்டால் வரலாற்றிலிருந்து விடுபட்டுவிடுவோமே என்ற பயம் வேறு. முதல் இரண்டு நூல்களின் புகழே மூன்றாவதற்குப் பிணையாக நின்றது.

குற்றப்பத்திரிகை

இங்கிலாந்து எழுத்தாளர் கிறிஸ்டோஃபர் பிரீஸ்ட்டை, நோலன் படமாக எடுத்த 'தி பிரெஸ்டீஜ்' நாவலின் ஆசிரியராகப் பலருக்குத் தெரிந்திருக்கும். அவரிடமும் எல்லிசன் கதை கேட்டார். பிரீஸ்ட் எழுதி அனுப்பினார், மாதக்கணக்கில் பதில் இல்லை, திரும்பப் பெற்றுக்கொண்டார். 'ஆன் இன்ஃபினிட் சம்மர்' என்ற அந்தக் கதை 1976-இல் வேறு தொகுப்பில் வந்தது. அவருடைய நல்ல கதைகளில் ஒன்று.

1987-இல் பிரீஸ்ட் ஒரு நீண்ட கட்டுரையைத் தானே அச்சிட்டார். பின்னர் விரிவாக்கப்பட்டு 1994-இல் 'தி புக் ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' என்று ஃபாண்டகிராஃபிக்ஸ் வெளியிட்டது. ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடருக்கு எல்லிசன் எழுதிய புகழ்பெற்ற அத்தியாயமான 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' தலைப்பைக் கிண்டலாகத் திருப்பிய பெயர். அதில் பிரீஸ்ட் வசைபாடுவது குறைவு. எல்லிசன் பல ஆண்டுகளாகப் பொதுவில் சொன்னவற்றைத் தேதிவாரியாக அடுக்கினார், அவ்வளவுதான். இதோ முடிந்துவிட்டது, இதோ அச்சுக்குப் போகிறது, இன்னும் சில மாதம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டவர்கள் நம்பினார்கள். வரிசையாகப் படித்தபோதுதான் நிலைமை புரிந்தது. கதை கொடுத்தவர்கள் திரும்பக் கேளுங்கள் என்பதே அவருடைய வேண்டுகோள். நூல் 1995-இல் ஹ்யூகோ பரிந்துரைப் பட்டியலுக்குப் போனது.

அதற்குப் பின் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதே குறைந்தது. எல்லிசன் 2018 ஜூனில் 84 வயதில் இறந்தார்.

2024-இல் வந்தது எது

மனைவி சூசனும் 2020-இல் மறைந்தபின் எல்லிசனின் எழுத்துச் சொத்துக்குப் பொறுப்பானவர் ஜே. மைக்கேல் ஸ்ட்ரசின்ஸ்கி. 'பாபிலான் 5' தொலைக்காட்சித் தொடரை உருவாக்கியவர், எல்லிசனின் நெடுநாள் நண்பர். அதே ஆண்டு நவம்பரில், புத்தகத்தை முடித்து வெளியிடப்போவதாக அறிவித்தார். பிளாக்ஸ்டோன் பதிப்பகம் முன்வந்தது.

அவர் முதலில் செய்தது கழிப்பது. திரும்ப வாங்கப்பட்டவை போக மிச்சமிருந்தவற்றில், காலம் முந்திக்கொண்ட கதைகளை நீக்கினார். இருண்ட கதைகளுக்கு இந்தச் சிக்கல் மற்றக் கதைகளைவிட அதிகம். விலக்கு ஒன்றை உடைத்ததனால் மட்டுமே வலிமை பெற்ற கதை, அந்த விலக்கு ஊரில் இல்லாமல் போனதும் வெறும் கூச்சலாகக் கேட்கும். நிவனின் உறுப்புக் கதை இன்றும் நிற்கிறது, ஏனென்றால் அது விலக்கை நம்பவில்லை, ஒரு தர்க்கத்தை நம்புகிறது. பெட்டியில் ஐம்பது ஆண்டு கிடந்த கதைகளில் எத்தனை 1973-இல் அதிரவைத்திருக்கும் என்பது இனித் தெரிய வழியில்லை.

அப்புறம் இன்றைய எழுத்தாளர்கள் சிலரைச் சேர்த்தார்: கோரி டாக்டரோ, ஏட்ரியன் சைகோவ்ஸ்கி, மேக்ஸ் புரூக்ஸ். அதுவரை எதுவும் வெளியிடாத ஒரு புதியவருக்கும் ஓர் இடம் ஒதுக்கினார். பழையவர்களில் ராபர்ட் ஷெக்லி, வான் வோக்ட், எட்வர்ட் பிரையன்ட் இருக்கிறார்கள், மூவருமே இப்போது இல்லை. மூன்று தொகுதி ஒன்றாகிவிட்டது. எல்லிசனின் முன்னுரைகள் இல்லாமலேயே நூல் வந்தது. இல்லாமலும் வந்திருக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி, 1974-இலும்கூட.

நூலின் தொடக்கத்தில் ஸ்ட்ரசின்ஸ்கியின் நீண்ட கட்டுரை ஒன்று உண்டு. எல்லிசனுக்கு இருமுனையப் பிறழ்வு (பைபோலார்) என்ற மனநோய் இருந்ததையும், வாழ்வின் பிற்பகுதியில்தான் அது கண்டறியப்பட்டதையும் அதில் சொல்கிறார். வெறித்தனமான உற்சாகம், மலை மலையாக வேலையை இழுத்துப்போடுவது, பிறகு எதையும் தொட முடியாமல் ஒடுங்கிப்போவது என்று எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் கிடைக்கிறது. புத்தகத்தின் மிகச் சிறந்த பகுதி இதுதான் என்பேன். அதைப் படித்தபின் எல்லிசனைத் திட்ட மனம் வராது. ஆனால் தன் கதையை அச்சில் காணாமல் போனவர்களின் கணக்கு அதில் நேராவதில்லை. நோய் ஒரு மனிதரின் நிலையை விளக்கும். 'இன்னும் சில மாதம்' என்று திரும்பத் திரும்பச் சொன்னதை நம்பியவர்கள் வேறு மனிதர்கள்.

தொழில்ரீதியாக ஒரு விஷயம், தொகைநூல் போடுபவர்களும் கதை கொடுப்பவர்களும் கவனிக்க வேண்டியது. கதை வாங்கும் ஒப்பந்தத்தில், இத்தனை மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் உரிமை தானாகவே ஆசிரியருக்குத் திரும்பும் என்ற வரி இருக்க வேண்டும். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா வேண்டாமா என்பதும் அதே வரியில் இருக்க வேண்டும். திரும்பக் கேட்கும் சங்கடத்தை எழுத்தாளர் தலையில் போடக் கூடாது. அந்தச் சங்கடம்தான் இங்கே பலரைப் பல ஆண்டுகள் வாய்மூட வைத்தது.

படிக்க நினைப்பவர்களுக்கு: முதல் இரண்டு நூல்களையும் பிளாக்ஸ்டோன் அதே 2024-இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்திருக்கிறது. ஒன்று மட்டும் வாங்குவதென்றால் இரண்டாவது. மூன்றாவதை ஸ்ட்ரசின்ஸ்கியின் கட்டுரைக்காக வாங்கலாம். 'சைல்ட்ஃபைண்டர்' அதில் கிடைக்காது, பட்லரின் 'அன்எக்ஸ்பெக்டட் ஸ்டோரீஸ்' என்ற சிறு நூலில் இருக்கிறது.